கனி மகளுக்குப் பால்

அக்கா, கொஞ்சம் உட்காருங்க. போயிராதீங்க. முந்தானையைப் பிடித்து இழுத்ததற்குக் கோவிச்சுக்காதீங்க. மடியில் ரெண்டு பிள்ளைகளும் கிடக்கிறதுகள், எழுந்திருக்க முடியவில்லை, கைக்கு எட்டியது அதுதான்.

நான் முன்னே பின்னே தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. தெரிந்தவர்களிடமே பேச மாட்டேன். பஸ்ஸில் எங்கள் ஊர் விலக்கு வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. அடுத்து யாராவது இறங்குகிற இடத்தில் நானும் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவேன். எங்க வீட்டுக்காரர் கேட்டால் "தூங்கிட்டேன்" என்பேன். அப்படிப்பட்டவள். ஆனால் நீங்கள் இப்போ அந்தப் பச்சைச் சேலைக்காரம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. "நாய் கடிச்சதுக்கு முதல் ஊசி டவுன்ல போட்டாச்சு, அடுத்தது இங்க போடணுமாம், பால் குடுக்கிறவளுக்கு எதுக்கு அந்த வம்பு, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சுல்ல, நான் கிளம்புறேன்" என்றீர்கள். அந்தம்மாவும் "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டினார்கள். ஆட்டுகிறவர்களுக்கு என்ன, ஆட்டிவிட்டுப் போவார்கள்.

உட்காருங்க. இந்த ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்காரர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். புதன்கிழமை முதலில் பிள்ளைகள். எப்படியும் நேரம் இருக்கிறது.

கால்தானே? கெண்டைக்காலா? சோப்புப் போட்டுக் கழுவினீங்களா? குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கழுவினீங்களா? நல்லது. அது நல்லது. எங்கள் வீட்டில் சுண்ணாம்பு வைத்தார்கள்.

சொல்கிறேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. எட்டாவது வரைக்கும் போனேன், அதிலும் எழுந்து நின்று பதில் சொல் என்றால் அழுதுவிடுவேன். நீங்கள்தான் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும் "ரெட்டையாம்மா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து வைத்தேன். ரெட்டை இல்லை அக்கா. இவன் மிதுன், என் மகன். இவள் ஓவியா. இவள் கனி மகள். கனி எங்க வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கச்சி. மாரிக்கனி என்று பேர், எல்லாரும் கனி என்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை.

எனக்கு மிதுன் பிறந்து நாற்பது கழிந்து நான் என் அம்மா வீட்டிலிருந்து வந்தேன். கொஞ்ச நாளில் கனிக்கு இவள் பிறந்தாள். ஒரே உத்திரத்தில் ரெண்டு தொட்டில். ஒன்று அழுதால் மற்றது அழும். எங்கள் அத்தை, என் மாமியார்தான், நடுவில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் ரெண்டு கயிற்றையும் ஆட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் இவளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதே அத்தை சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என் பேரனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா." பிரசவம் பார்த்த சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். "பாட்டி, அது கண்ணையே இன்னும் திறக்கலை" என்றார்கள். "திறக்கட்டும், திறந்தா என் பேரனைத்தான் பார்க்கும்" என்றார்கள் அத்தை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமன் மகன், அத்தை மகள். எங்களில் அதுதான் முதல் முறை. கனியை வெளியில் கொடுத்ததில் அத்தைக்கு ஒரு குறை. பேத்தியாவது இந்த வீட்டுக்கே திரும்பி வரட்டும் என்று ஆசை. தொட்டிலை ஆட்டும்போது, "ஏ மிதுனு, உன் பொண்டாட்டி மூச்சா போயிட்டாடா, துணி மாத்து" என்பார்கள். கனி சிரிக்கிற சிரிப்பில் ரெண்டு பிள்ளையும் முழித்துக்கொள்ளும்.

கனி எனக்கு நேர் எதிர். வாய் ஓயாது. நான் பேசாததையும் சேர்த்து அவள் பேசுவாள். எனக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. யாரிடம் சொல்ல? எங்க வீட்டுக்காரரிடம் சொல்ல வெட்கம், அத்தையிடம் சொல்ல பயம். கனிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, எருமை முட்டின மாதிரி நிக்கிறே" என்று கேட்டு, இழுத்துக்கொண்டு வந்தாள். இதே இடம்தான். இத்தனை பேருக்கு முன்னால் சத்தமாக, "சிஸ்டர், எங்க மதினிக்கு மார்ல பால் கட்டிருச்சு, கேக்க வெக்கப்படுது, நீங்களே பாருங்க" என்றாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் வந்ததே அவளுக்குத் தெரியாது. எப்போதும் அப்படித்தானே வருவேன்.

அதோ பாருங்க, அந்தப் பொண்ணு கேட்கிறது. "மூக்கு ஒழுகுது சிஸ்டர், ஊசி போடலாமா?" "மூக்கு ஒழுகாத பிள்ளை எந்த ஊர்லம்மா இருக்கு, காய்ச்சல் இல்லைல்ல? கொண்டா." நன்றாக இருக்கிறது பதில். போன தடவை ஒரு அம்மா, "ஒரே நாள்ல ரெண்டு ஊசியா, தாங்குமா?" என்றதற்கு, "அது தாங்கும், நீ வெளிய போய் நில்லு, உன்னாலதான் தாங்க முடியாது" என்றார்கள். எல்லாரும் கேட்கிறார்கள். பிள்ளைக்குக் கேட்கிறார்கள். தொடை வீங்குதே, தண்ணி ஊத்தலாமா, ஒரு ஊசி தப்பிப்போச்சே, முதல்ல இருந்து போடணுமா என்று. தனக்கென்று எவளும் கேட்பதில்லை. கனிகூடக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்டவள் அவளுக்காகக் கேட்கவில்லை.

நாய் என்றால் பெரிய நாய் இல்லை. குட்டி. டீக்கடைப் பக்கம் பிறந்தது. கனிதான் இட்லியைப் பிட்டுப் போட்டுப் பழக்கினாள். வாசலிலேயே கிடக்கும். ஒரு நாள் அவள் இட்லி போடும்போது கையைப் பிடித்துவிட்டது. இங்கே, கட்டைவிரல் சதையில். "பல்லு பட்டுருச்சு" என்றுதான் சொன்னாள். கடித்தது என்று சொல்லவில்லை. குட்டி நாய் பல் பட்டதற்கு யார் பயப்படுவார்கள்? அத்தை சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைத்தார்கள். ரெண்டு நாளில் அந்தக் குட்டி எங்கோ சுருண்டு கிடந்து செத்துப்போனது. லாரியில் அடிபட்டது என்றார்கள். யாரும் பார்க்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தங்கச்சியை வண்டியில் வைத்து டவுனுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டிவந்தார். "அடுத்தடுத்து இருக்கு, விடாம வரணும்னு சொல்லிருக்காக" என்றார். சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். கேரளாவுக்குப் போனால் வர நாளாகும்.

அதோடு சரியாக இருந்திருக்கும் அக்கா. அடுத்த ஊசியும் அதற்கு அடுத்ததும் போட்டிருந்தால் இன்றைக்கு அவளே இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து எல்லார் வாயையும் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஊசி போட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் வீட்டு அம்மா, கோடி வீட்டு அம்மா, எல்லாரும் கனியைப் பார்க்க வந்தார்கள். "விஷத்துக்குப் போடுற ஊசிதானே, அதுவும் விஷம்தான். பால்ல இறங்கும்." "என் தம்பி பொண்டாட்டிக்கு அப்படித்தான் பிள்ளை நீலமாப் போச்சு." யார் தம்பி, யார் பொண்டாட்டி, அதை ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தை பயந்துவிட்டார்கள். "கனி, நீ பால் குடுக்காதே. ஊசியெல்லாம் முடியட்டும்." கனி சிரித்துக்கொண்டேதான் சரி என்றாள். பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு வந்து, "மதினி, இந்த வருஷம் முருங்கக்காய் இனிக்கும் பாரு" என்றாள். சொல்லும்போது அவள் கண் தொட்டிலில் இருந்தது.

பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் கொடுத்தார்கள் அத்தை. இவள் துப்பினாள். புட்டியில் கொடுத்தார்கள், நாக்கால் தள்ளினாள். கொஞ்சம் உள்ளே போனதும் வயிற்றால் போனது. ராத்திரியும் பகலும் அழுகை. மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. அழுது அழுது தொண்டை கம்மி, சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்து மூடும். கனி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ரவிக்கை நனைந்துபோகும்.

அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். கனி இவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "மதினி, ஒரு வாய் குடு. அம்மா வர்றதுக்குள்ள." நான் மிதுனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம் இவளை வைத்தேன். அக்கா, பிடித்த பிடி இருக்கிறதே. கண்ணை மூடிக்கொண்டு, கையை இப்படி இறுக்கிக்கொண்டு. கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "போச்சு, என் மகளுக்கு மாப்பிள்ளை போச்சு. இனி வெளியதான் தேடணும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்னே தூங்கிப்போனாள். ரெண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை, பாவம்.

அது ஏன் சொன்னாள் என்றால், எங்கள் பக்கம் அப்படி ஒரு பேச்சு உண்டு. ஒரே மாரில் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தது மாதிரி. முறை போய்விடும். அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ண முடியுமா?

மறுநாளும் கொடுத்தேன். அத்தை இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தேன். இவளுக்கு வயிற்றால் போவது நின்றது. முகத்தில் ஒரு தெளிச்சி. அத்தைக்கே சந்தேகம் வந்திருக்கும். துணி எடுக்கப் போன மாதிரி போய்ச் சட்டென்று உள்ளே வந்தார்கள். நான் இவளை மறைக்கவா, மாரை மறைக்கவா? உட்கார்ந்தபடி இருந்தேன்.

"ஏ பாவி, முறையக் கெடுத்துட்டியே" என்றார்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். கனி எழுந்து, "நான்தாம்மா குடுக்கச் சொன்னேன்" என்றாள். "நீ சொன்னா இவளுக்கு அறிவு எங்க போச்சு? பேசத்தான் தெரியாது, யோசிக்கவும் தெரியாதா?" அத்தை கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். "சரி, இதுவரைக்கும் குடிச்சது போகட்டும். ஒண்ணு ரெண்டு வாய். அதை நான் கணக்குல எடுக்கலை. இனிமே குடுக்கப்படாது." கனிக்கு அப்பவும் சிரிப்பு. "எத்தனை வாய்க்கு மேல அண்ணன் தங்கச்சி ஆகும்மா? சொல்லிரு, அதுக்குள்ள நிறுத்திக்கிடுறோம்" என்றாள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏடி, உன் மகளுக்காகத்தான் சொல்றேன். இவகிட்ட மட்டும் என்ன ஊத்தாவா ஓடுது? ரெண்டு பேரு குடிச்சா ஒண்ணு சவலை பாயும். ஏ காளீஸ்வரி, நீயே சொல்லு. ரெண்டுக்கும் பத்துமா உனக்கு?"

காளீஸ்வரி நான்தான்.

என்னை யாரும் அப்படி நேராகக் கேள்வி கேட்க மாட்டார்கள். அத்தை கேட்டார்கள். கனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிதுன் முந்தின ராத்திரி ரொம்பச் சிணுங்கியிருந்தான். பல்லுக்கோ வயிற்றுக்கோ, எதற்கென்று யாருக்குத் தெரியும். என் அம்மா வேறு போனில் சொல்லியிருந்தார்கள், "ஊராம் பிள்ளைக்கு ஊட்டிட்டு உன் பிள்ளையச் சவலையா விட்டுறாதே." எந்தத் தாய்க்கும் ஒரு நினைப்பு வரும்தானே அக்கா. நான் மிதுன் தலையைத் தடவிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பத்தாது என்று நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அத்தையிடம் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

கனி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து இவளை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். "விடு மதினி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

அன்றைக்கே அவளே பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தை பதறினார்கள். "ஊசி போட்ட பாலு கனி." "அது ஒரு ஊசிதானம்மா. பீய்ச்சி ஊத்துனதுலயே அது போயிருக்கும். இனிமே போட்டாத்தானே? நான் போடலை." அப்படி முடிந்துவிட்டது. அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. போனது. கை ஆறிவிட்டது, தழும்புகூடத் தெரியவில்லை. அத்தைக்கும் நிம்மதி, பிள்ளை பால் குடிக்கிறது, முறையும் கெடவில்லை. எங்க வீட்டுக்காரர் திரும்பி வந்து, "ஊசி எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கனி "ஆச்சுண்ணே" என்று அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணன் தங்கச்சி பேச்சில் நான் எதற்கு.

அப்புறம் நடந்ததை நான் விரித்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் பயமுறுத்த உட்கார வைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, நாங்கள் எல்லாரும் மறந்தே போன பிறகு, அந்த விரல் குறுகுறு என்கிறது என்றாள். காய்ச்சல் வந்தது. ஒரு நாள் காலையில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்தாலே உடம்பு உதறியது. ஃபேன் காற்று ஆகவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை. கம்பிக் கதவு. அந்த நோய் வந்த பிறகு அதற்கு மருந்தே கிடையாதாம். வருவதற்கு முன்னால்தான் ஊசி, வந்துவிட்டால் ஒன்றும் இல்லையாம். அவள் வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தார். லேத்துப் பட்டறையில் வேலை, கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் வந்து நின்றார். அவளுக்கு நடுநடுவே நினைவு தெளியும். தெளிந்தபோது என்னைக் கேட்டிருக்கிறாள். அம்மாவைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்கவில்லை. என்னை உள்ளே விட்டார்கள். தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தது. ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது அக்கா. உடம்புக்குள் என்னவெல்லாமோ நடக்கிறது, பால் மட்டும் நேரத்துக்குச் சுரக்கிறது. பிள்ளைக்குப் பசிக்கிற நேரம் அதற்குத் தெரிகிறது.

"மதினி" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை. "ஓவியா அழுவா. உனக்குப் பத்துமா?"

"பத்தும் கனி" என்றேன். உடனே சொன்னேன். "ரெண்டுக்கும் பத்தும்."

அதைக் கேட்டு அவளுக்கு ஒரு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடிந்ததே என்று எனக்கும் மனசுக்குள் ஒரு ஆறுதல். மறுநாள் விடியும் முன்னே போய்விட்டாள்.

அவள் போன பிறகு வீட்டில் எல்லாருக்கும் ஊசி போட வேண்டும் என்றார்கள். அவள் எச்சில் பட்டிருக்கலாம், பிள்ளையைக் கொஞ்சியிருப்பாள், தட்டைக் கழுவியிருப்போம் என்று. இங்கேதான் வந்தோம். இதே பெஞ்சில் அத்தை, நான், எங்க வீட்டுக்காரர், மடியில் இதுகள். இவளுக்கும் போட்டார்கள். என் முறை வந்தது. அந்த சிஸ்டர்தான், இப்போ கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார்களே அவர்கள்தான். என் மடியில் இவள் குடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து பிள்ளையை விலக்கப் போனேன். "குடிக்கட்டும், எதுக்குப் பிடுங்குறே? கையை மட்டும் காட்டு" என்றார்கள். அத்தை பதறி, "பால் குடுக்கிறா சிஸ்டர், பாலுக்கு ஆகாதில்ல?" என்றார்கள். "யார் சொன்னா? இதுல உயிருள்ள கிருமி கிடையாது. பால் குடுக்கிறவளும் போட்டுக்கிடலாம், மாசமா இருக்கிறவளும் போட்டுக்கிடலாம். ஊசி போட்டுக்கிட்டே பால் குடுக்கலாம். போடாமத்தான் இருக்கக் கூடாது." இப்படி, காய்கறி விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அத்தை அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதே ஊசிதான் அக்கா. கனிக்குப் போட்ட அதே ஊசி. ஒன்று விடாமல் எனக்குப் போட்டார்கள். போட்ட கையோடு ரெண்டு பேருக்கும் பால் கொடுத்தேன். பாருங்க, நீங்களே தொட்டுப் பாருங்க, எப்படி இருக்கிறதுகள். இவள் தொடையைப் பாருங்க, மடிப்பு மடிப்பாக. ஒரு பிள்ளை நீலமாகவில்லை. ஒரு பிள்ளை சவலை பாயவில்லை. ரெண்டு பேருக்கும் வயிறு முட்டக் கொடுத்து மிச்சம் கட்டிக்கொள்கிறது, பீய்ச்சி விடுகிறேன். அன்றைக்கு இருந்த அதே உடம்புதான். எங்கிருந்துதான் வருமோ. சாமி கொடுக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்தத் தெருக்காரர்கள் மேல்தான். இப்போகூட எதிர் வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். டவுன் ஆஸ்பத்திரிக்காரர்கள் மேலும் கோபம். ரவிக்கை நனைந்து வந்து நிற்கிறவளைப் பார்த்து, "ஏம்மா, பால் குடுக்கிறியா, பயப்படாதே, குடு" என்று ஒரு வார்த்தை அவர்களாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. அதற்கென்ன காசா பணமா? ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷர்களால் ஒரு உயிர் போய்விட்டது.

அத்தை மேல் கோபப்பட முடியவில்லை. அவர்கள் இப்போ பேசுவதில்லை. வீட்டில் நானும் பேசாதவள், அவர்களும் பேசாதவர்கள், ரெண்டு பிள்ளைகளின் சத்தம் மட்டும்தான். நேரத்துக்கு இவளைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களே என் மடியில் வைப்பார்கள். வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். போன வாரம் யாரோ விளையாட்டுக்கு, "என்ன ஆத்தா, பேரனுக்கும் பேத்திக்கும் எப்போ பரிசம்?" என்றார்கள். அத்தை, "அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி" என்றார்கள். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

இவள் அப்பா மாதம் ஒரு தடவை வருவார். பொம்மை வாங்கி வருவார். இவள் அவரிடம் போக மாட்டாள். அழுது என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். "உன்னையத்தான்மா அது அம்மான்னு நினைச்சிருக்கு" என்பார். இவள் தூங்கும்போது கனி மாதிரியே வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். அதை அவரிடம் சொல்லலாமா என்று நினைப்பேன். சொன்னதில்லை.

எங்கே எழுந்திருக்கிறீங்க? பெயர் கூப்பிடுகிறார்களா? உங்களைத்தானா? இருங்க, அந்தப் பக்கம் ஏன் பார்க்கிறீங்க, அது வெளியே போகிற வழி. சிஸ்டர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

தெரியும் அக்கா. இவ்வளவு கேட்ட பிறகும் உள்ளே ஒரு பயம் இருக்கும். எனக்குத் தெரியாதா. சிஸ்டர் வாயால் கேட்டாலும் இருக்கும். பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துபோகும். பயந்தால் பயந்துகொண்டே போட்டுக்கோங்க. பால் கொடுக்க மனசு வரவில்லை என்றால் வர வேண்டாம். அதற்காக ஊசியை விட்டுவிடாதீங்க.

பிள்ளையை இங்கே கொடுங்க. நீங்க போய்ப் போட்டுவிட்டு வாங்க. அது வரைக்கும் என்னிடம் இருக்கட்டும். ஆமாம், பசிக்குத்தான் அழுகிறது, கையைச் சப்புகிறதே. நான் கொடுக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே? நாங்கள் என்ன ஆள் என்று கேட்கிறதானால் கேட்டுக்கோங்க, சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி. நாளைக்கு, நாளை மறுநாள், அடுத்த ஊசிக்கு, எப்போ வேண்டுமானாலும் சொல்லி அனுப்புங்க. விலக்கில் இறங்கிக் காளீஸ்வரி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இருங்க, இவனைக் கீழே விடுகிறேன். ஓவியா தூங்கிவிட்டாள், அவளை எழுப்ப வேண்டாம். டேய் மிதுனு, இறங்கு. இந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நில்லு. கையை எடு, மாரை விடு.

தலையை இந்தப் பக்கம் வைத்துக் கொடுங்க. ஆங், அப்படித்தான். பிடித்துவிட்டது பாருங்க.

அவன் அழுகிறான் என்று பார்க்காதீங்க அக்கா. அழட்டும். கொஞ்ச நேரம் அழுதால் ஒன்றும் ஆகிவிட மாட்டான். நீங்க போங்க.